ஒரு கிழமைக்குப் போய்வர

கல்பிட்டிக் கடற்கரையில், எங்கள் கண்டக்குழியில், ஸ்வெட்டர் வைத்திருந்தவர்கள் யாரும் இல்லை. வீடு வீடாகக் கேட்டு அதை உறுதிப்படுத்த எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

ஆகஸ்ட் விடுமுறை தொடங்கி முதல் ஞாயிறு. பூசை முடிந்ததும் எங்களுக்கு மறைக்கல்வி படிப்பித்த சிஸ்டர் பத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஆளுக்கொரு தாள் தந்தார். பண்டாரவளைப் பக்கம், மலையில், தேயிலைத் தோட்டத்தின் நடுவில், கன்னியர்களுக்கு ஒரு பழைய வீடு இருக்கிறதாம். அங்கே ஒரு கிழமை தங்க வேண்டும். அதற்குப் பெயர் பாசறை. தாளின் மேல் பாதியில் கொண்டுவர வேண்டிய பொருட்கள் இருந்தன: இரண்டு பெட்ஷீட், தலையணை உறை, டோர்ச், தட்டு, கோப்பை, சவர்க்காரம், ஸ்வெட்டர். கீழ்ப் பாதியில் பெற்றோர் கையொப்பம் வைக்க ஒரு கோடு. எனக்கு அப்போது பதினொரு வயது. நான் அதுவரை ஓர் இரவுகூட வேறு வீட்டில் படுத்ததில்லை. போக வேண்டும் என்ற ஆசையைவிட அது எப்படி இருக்கும் என்று அறிய வேண்டும் என்ற ஆசைதான் என்னைப் பிடித்து ஆட்டியது.

கையொப்பம் வைக்க வீட்டில் அப்பா மட்டும்தான் இருந்தார். அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தார். நான் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது போனவர், அதுவரை ஒருமுறையும் திரும்பி வரவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில், அந்த வீட்டுக்காரர்கள் வெளியே போன பிறகு, அப்பாவின் போனுக்குக் கோல் எடுப்பார்.

அப்பா தாளை வாசித்தார். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நாலாக மடித்து மாதா சுரூபத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு கிழிந்த வலை பொத்தப் போய்விட்டார். அது காற்றுக் காலம். படகுகள் மணலில் ஏறிக் கிடந்தன. எங்கள் ஆட்கள் தொழிலுக்குப் போக முடியாத அந்தக் கடலில் வெள்ளைக்காரர்கள் இடுப்பில் பட்டம் கட்டிப் பலகையில் வழுக்கித் திரிந்தார்கள்.

அப்பா ஒன்றும் சொல்லாததை மாமா சம்மதமாக எடுத்துக்கொண்டார். மாமா என்பது அம்மாவின் தம்பி. எங்கள் வேலிக்கு அடுத்த வேலி. மீன் முதலாளி ஒருவரின் குளிர் அறையில் பெட்டி அடுக்கும் வேலை. எந்த விஷயமும் தெரியாது என்று மாமா சொல்லி நான் கேட்டதில்லை.

"குளிர் எண்டா என்னெண்டு தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன். உண்மையும் அதுதான். குளிர் என்று நான் அறிந்ததெல்லாம் ஐஸ்பழம் மட்டும்.

"பழகாமப் போனா முதல் நாளே விறைச்சுப் போவாய். நான் பழக்கிறன்."

அடுத்த நாள் காலை மாமா என்னைக் குளிர் அறைக்குக் கூட்டிப்போனார். கதவு மூடிவிடாமல் வாசலில் ஒரு மீன் பெட்டியை வைத்தார். போனில் நேரம் பார்த்து, இன்றைக்கு ஐந்து நிமிடம், நாளைக்குப் பத்து என்று திட்டம் சொன்னார். நான் பாரை மீன்களுக்கும் சூரை மீன்களுக்கும் நடுவில் கவிழ்த்த பெட்டியில் குந்தினேன். மூச்சு விட்டால் புகை வந்தது. மூக்கின் உட்பக்கம் காய்ந்து இழுத்தது. எல்லாவற்றையும்விட என்னை அதிசயிக்க வைத்தது, உள்ளே அவ்வளவு மீன் இருந்தும் மணம் இல்லாததுதான். குளிருக்குள் மணம் இருக்காதென்றால் பண்டாரவளையில் சோறு மணக்குமா, சவர்க்காரம் மணக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்ததில் ஐந்து நிமிடமும் போனது தெரியவில்லை.

மூன்றாம் நாள் மாமா ஒரு கறுப்பு ரப்பர் சட்டையோடு வந்தார். கடற்கரை விடுதியில் யாரோ வெள்ளைக்காரன் விட்டுப் போனதாம். பட்டக்காரர்கள் கடலில் போட்டுக்கொள்வது.

"குளிருக்கெண்டுதானே அவனும் போடுறான். ஸ்வெட்டரும் இதுவும் ஒண்டுதான்" என்றார்.

அதற்குள் என்னை நுழைக்க மாமாவுக்கும் எனக்கும் பெரிய வேலையாய்ப் போனது. சட்டையின் கைகள் என் முழங்கால் வரை தொங்கின. அதைப் போட்டுக்கொண்டு இருபது நிமிடம் இருந்து காட்டினேன். உள்ளே வியர்த்து ஊற்றியது. வெளியே வந்து சட்டையைக் கழற்றியதும் கடல் காற்று அடித்தது. அன்று மாலையே காய்ச்சல்.

அப்பா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மாமாவைக் கூப்பிட்டார். அவர் குரல் உயர்த்திப் பேசும் ஆள் இல்லை. அன்றும் உயர்த்தவில்லை.

"பிள்ளையக் கொண்டுபோய் மீனோட அடுக்கி வச்சிருக்கிறாய்."

"பழக்கினனான் அத்தான்."

"இனி ஒண்டும் பழக்கத் தேவையில்ல. இவள் ஒரு இடமும் போகேல்ல."

சுரூபத்துக்குப் பின்னாலிருந்து தாளை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். கிழித்திருந்தால் அழுதிருப்பேன். கிழிக்காமல் பையில் வைத்தது ஏனென்று விளங்காமல் பாயில் படுத்தபடி அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை அம்மா எடுத்தார். அப்பா போனோடு வாசலுக்குப் போனார். எனக்கு அப்பாவின் பாதிக் கதைதான் கேட்டது.

"ஓம், காய்ச்சல் விட்டிட்டுது... அவன்ட வேலைதான்... இல்ல, நான் விடேல்ல... ஏன் எண்டா? சின்னப் பிள்ளை... ஒரு கிழமைதான், தெரியும்." பிறகு, மெல்ல, "நீயும் ரெண்டு வருஷம் எண்டுதான் போன."

அதற்கு அம்மா என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அப்பா உள்ளே வந்து போனை என் கையில் தந்தார். பையிலிருந்து தாளை எடுத்து மேசையில் விரித்து, என் பேனாவை வாங்கி, கோட்டின்மேல் தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினார்.

அம்மா சந்தோஷப்படுவார் என்றுதான் நான் நினைத்தேன். அவரோ உடனே வேலைக்கு இறங்கிவிட்டார்.

"கொப்பி ஒண்டு எடு மகள். நான் சொல்றத எழுது."

எழுதினேன். போய்ச் சேர்ந்ததும், வெளிச்சம் இருக்கும்போதே, கக்கூசு எங்கே, லைட்டுச் சுவிட்சு எங்கே என்று பார்த்துவைக்க வேண்டும். வீட்டுத் தலையணை உறையைக் கழுவாமல் கொண்டுபோய் அவர்களுடைய தலையணைக்குப் போட வேண்டும். சாப்பாடு பிடிக்கவில்லை என்று முதல் நாளில் சொல்லக் கூடாது. அழுகை வந்தால் குளிக்கப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும்.

"முதல் நாளே உன்ட பேரச் சரியாச் சொல்லிப் போடு. பிழையாக் கூப்பிட்டா அண்டைக்கே திருத்து. விட்டியெண்டா பிறகு அதுதான் உன்ட பேர்."

என்னை யார் வேறு பெயரில் கூப்பிடப் போகிறார்கள் என்று கேட்டேன்.

"கூப்பிடுவினம்" என்றார் அம்மா. "அடுத்தது எழுது. முதல் நாள் ஒண்டும் தெரியாது. ரெண்டாம் நாளும் பரவாயில்ல. மூண்டாம் நாள் வயித்துக்குள்ள நோகும். அது வயித்து வருத்தமில்ல. மருந்து கேக்காத. அப்பிடியே இருந்தா நாலாம் நாள் குறையும்."

கொப்பியில் ஒன்றரைப் பக்கம் நிறைந்தது. வாசிக்க வாசிக்க எனக்கு வியப்பாக இருந்தது. சிஸ்டரின் தாளில் இதில் ஒன்றுகூட இல்லை. அம்மா எப்போது பாசறைக்குப் போனார்? மாமாவிடம் கேட்டேன். காய்ச்சல் விஷயத்துக்குப் பிறகு அவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுதான் கதைப்பார்.

"உங்கம்மாவா? கலியாணத்துக்கு முந்தி அவ சிலாபம் தாண்டினதில்ல" என்றார்.

அப்படியானால் கலியாணத்துக்குப் பிறகு போயிருக்க வேண்டும் என்று முடிவுகட்டினேன். பெரியவர்களுக்கும் பாசறை உண்டுபோலும்.

அடுத்த கிழமை முழுவதும் ஆயத்தம்தான். ரப்பர் சட்டையைப் பற்றிக் கேள்விப்பட்ட சிஸ்டர் தன்னுடைய நீல ஸ்வெட்டரைக் கொடுத்தனுப்பினார். மீதி இருந்தது என் தலைமயிர். அம்மா போனதிலிருந்து அப்பாதான் எனக்கு இரட்டைப் பின்னல் போட்டுவிடுவார். கயிறு திரிக்கும் கை. காலையில் போட்டால் மறுநாள் காலைவரை அசையாது, கண் மட்டும் கொஞ்சம் மேலே இழுபட்டிருக்கும். பாசறையில் யார் பின்னுவது? வெட்டிவிடுவோம் என்றார் மாமா, வேலிக்கு அப்பாலிருந்து. அப்பா அந்தப் பக்கம் திரும்பவும் இல்லை. ஜன்னல் கம்பியில் மூன்று நைலோன் கயிற்றைக் கட்டி, என்னை அதன் முன்னால் கதிரையில் இருத்தினார்.

"இதில பழகு. கைக்குத் தெரிஞ்சா முதுகுக்குப் பின்னாலயும் வரும்."

இரண்டு நாள் கயிற்றைப் பின்னினேன். மூன்றாம் நாள் என் தலையில் நானே பின்னினேன். ஒன்று நெஞ்சுப் பக்கம் வளைந்தும் மற்றது முதுகைப் பார்த்தும் நின்றன. அப்பா இரண்டையும் இழுத்துப் பார்த்தார். "கழலாது" என்று மட்டும் சொன்னார். அழகைப் பற்றிக் கருத்துச் சொல்லவில்லை.

புறப்படுவதற்கு முந்திய நாள் வெள்ளிக்கிழமை. அம்மா எடுத்ததும் நான் கொப்பியைத் திறந்து, எழுதியதை எல்லாம் ஒப்புவித்தேன். சரி, சரி என்று கேட்டுக்கொண்டார். நாலாம் நாள் வரைதான் அதில் இருந்தது. ஐந்து, ஆறு எப்படி என்று கேட்டேன். வேலை இருந்தால் நாள் போவது தெரியாது என்றார். எனக்கு ஏழாம் நாளும் வேண்டும். கணக்கு முழுமையாக இருக்க வேண்டும்.

"அம்மா, திரும்பி வாற நாள் எப்பிடி இருக்கும்?"

லைன் விட்டுப்போய்விட்டதோ என்று ஹலோ, ஹலோ என்றேன்.

"அது எனக்குத் தெரியா மகள். நீ போயிட்டு வந்து சொல்லு."

அம்மாவுக்குத் தெரியாத ஒன்று இருப்பது எனக்குப் பெருமையாக இருந்தது. கொப்பியில் ஏழு என்று எழுதி, அதற்குக் கீழே இடம் விட்டேன்.

பாசறையைப் பற்றி இங்கே அதிகம் சொல்லத் தேவையில்லை. அங்கே சோறு மணந்தது, சவர்க்காரமும் மணந்தது. ஸ்வெட்டரைக் காலையும் மாலையும் மட்டும் போட்டால் போதுமாக இருந்தது. முதல் நாளே ஓர் அக்கா என்னைக் "கல்பிட்டி" என்று கூப்பிட்டார். நான் எழுந்து நின்று என் பெயரைச் சொன்னேன். மூன்றாம் நாள் மத்தியானம், சொன்னபடியே, வயிற்றுக்குள் நொந்தது. எங்கள் அறையில் இன்னும் இரண்டு பேருக்கு நொந்தது. ஒருத்தி மருந்து கேட்கப் புறப்பட்டாள். "இது வருத்தமில்ல, மூண்டாம் நாள்தான், நாளைக்குக் குறையும்" என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டாள். என் அம்மா நிறையப் பாசறைக்குப் போனவர் என்றேன். நாலாம் நாள் காலை அவள் எனக்குப் பின்னல் போட்டுவிட்டாள். என்னைப் பெரிய ஆள் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன்.

திரும்பி வந்த அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா எடுத்தார். அப்பாவிடம் ஒரு வார்த்தைதான் கதைத்தார். பிறகு என்னைக் கேட்டார்.

தேயிலையையும் நீர்வீழ்ச்சியையும் சொல்லத் தொடங்கினேன். அம்மா இடைமறித்தார்.

"அதுகள் பிறகு. வந்த நாளச் சொல்லு."

பரீட்சைக்குப் பதில் சொல்வதுபோல ஒழுங்காகச் சொன்னேன். பாலாவியில் பஸ் திரும்பும்போது உப்பளம் தெரிந்ததை. காற்றாலைகளை எண்ணிக்கொண்டு வந்ததை. ஜன்னலால் உப்புக் காற்று வந்ததும் எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கத்தியதை. அம்மா கேட்கக் கேட்க, நான் கவனிக்காதவற்றையும் யோசித்துச் சொன்னேன். கண்டக்குழிச் சந்தியில் யார் யார் நின்றார்கள்? அப்பாவும், கொஞ்சம் தள்ளி மாமாவும். அப்பா முதல் என்ன சொன்னார்? பையை வாங்கினார். நீ ஓடிப் போனியா, நடந்து போனியா? ஓடினேன். வீடு சின்னதாகத் தெரிந்ததா? ஓம், கொஞ்சம். உள்ளே போனதும் என்ன மணம்? வலை மணமும் மண்ணெண்ணெய் மணமும். அதற்கு முந்தி எங்கள் வீட்டுக்கு மணம் இருந்தது எனக்குத் தெரியாது என்று சொன்னேன்.

"பிறகு?"

பிறகு சோறு தின்று படுத்தேன் என்றேன்.

"எங்க படுத்த?"

என் பாயில்தான், வேறெங்கே. இப்படியெல்லாம் கேட்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் அம்மா எடுத்தார். பள்ளிக்கூடம், காய்ச்சல், சாப்பாடு எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "அந்த வந்த நாளத் திருப்பிச் சொல்லு மகள், பாலாவியில இருந்து" என்றார்.

வெளியே பிள்ளைகள் விளையாடத் தொடங்கியிருந்தார்கள். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"போன கிழமையே எல்லாம் சொன்னனானே அம்மா" என்றேன்.

"ஓம், சொன்னதான்" என்றார் அம்மா.

போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டு நான் ஓடிவிட்டேன்.