நிற்காதவர்களோடு நடந்தேன்

கல்லூரி நாட்களில், மனச்சோர்வு பற்றி இளைஞர்களிடம் பேச எங்கள் குழு ஒரு பௌர்ணமி மாலை திருவண்ணாமலை மலையைச் சுற்றும் பாதையில், அடி அண்ணாமலையில் பேனர் கட்டி மேசை போட்டது. கிரிவலம் போகிறவர்கள் ஒருவரும் நிற்கவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது.

பள்ளி வயதுப் பெண் ஒருத்தி மட்டும் பேனரைப் பார்த்துத் தயங்கினாள்.

"நின்னா அம்மா ஏன்னு கேப்பாங்க. நடந்துக்கினே பேசலாமாக்கா?"

செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடவே நடந்தேன். கூட்டத்தோடு வெகுதூரம் போனோம். பிறகு, ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"தூக்கமே வர்றதில்லக்கா. எதுக்கு இருக்கணும்னு தோணுது. வெளிய சொன்னா பைத்தியம்னுடுவாங்க."

முன்னால் போய்க்கொண்டிருந்த அவள் அம்மாவின் காதில் அது விழுந்துவிட்டது. நின்றார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கிட்ட சொல்லக்கூடாதாடி? நாளைக்கே டாக்டராண்ட போலாம்."

அன்று அந்தப் பாதையில் எங்களுக்காக நின்றவர் அவர் ஒருவர்தான்.

மனசு சரியில்லை என்று யார் வந்தாலும் இப்போதெல்லாம் நான் நாற்காலி போடுவதில்லை. "வா, கொஞ்சம் நடக்கலாம்" என்கிறேன்.