பசு மறுபடி அசைபோட்டது

இரண்டாயிரங்களின் கடைசியில் கால்நடை மருத்துவ மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். மாட்டின் முதல் இரைப்பையான பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள்தான் என் பாடம். அவற்றில் பெரும்பாலானவை கண்ணாடித் தட்டில் வளர்வதே இல்லை. வயிற்று நீரிலிருந்து மொத்த டிஎன்ஏவையும் பிரித்து, என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று ஒரே மூச்சில் படிக்கும் முறை அப்போதுதான் எங்கள் கல்லூரிக்கு வந்திருந்தது.

முசரவாக்கம் கிராமத்தில் ஓர் அக்காவின் பசு, கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை வயிறு முட்டத் தின்றுவிட்டது. கால்நடை டாக்டர் மருந்து கொடுத்து உயிரைக் காப்பாற்றிவிட்டார். ஆனால் பசு அசைபோடவில்லை, வைக்கோலை முகர்ந்தும் பார்க்கவில்லை. டாக்டர் சொல்லி அனுப்ப, சின்ன காஞ்சிபுரத்திலிருந்து நான் போனேன்.

"நல்ல மாட்டோட வயித்துத் தண்ணிய எடுத்து இதுக்குக் குடுக்கணும்க்கா."

"அய்ய! அதுல இன்னாமா இருக்குது?"

"சோறு புளிச்சதுல இதோட வயித்துல இருந்த நல்ல கிருமிங்க செத்துப்போச்சு. அதுங்கள மறுபடி உள்ள விடணும்."

பக்கத்தில் திடமான மாடு அக்காவுடைய ஓரகத்தியிடம்தான், அதாவது கொழுந்தனார் மனைவியிடம்தான் இருந்தது. கிணற்றுத் தகராறில் இருவருக்கும் பேச்சு இல்லை. ஆனாலும் அக்கா எதிரே இருந்த அவள் வீட்டு வாசலுக்குப் போய்க் கேட்டார். ஓரகத்தி மாட்டை அவிழ்த்துக்கொண்டே வந்தாள்.

"இதெல்லாம் கேக்கணுமா?"

நான் தனியாகச் செய்வது அதுதான் முதல் தடவை. ஓரகத்தி மாட்டின் வாய்வழியே குழாயை இறக்கினேன். எடுத்த நீரைத் துணியில் வடிகட்டி, சூடு ஆறுவதற்குள் அக்காவின் பசுவுக்குக் குழாய் வழியே ஊற்றினோம். அதற்கு முன்பே இரண்டு மாடுகளின் வயிற்று நீரிலும் கொஞ்சம் ஆய்வுக்காக எடுத்து வைத்திருந்தேன்.

மறுநாள் அக்காவிடமிருந்து போன் வந்தது. "மெல்லுதும்மா! மென்னுக்கினே இருக்குது!"

போய்ப் பார்த்தேன். இரண்டு பெண்களும் பசுவின் எதிரே உட்கார்ந்து அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பசுவிடமிருந்து மறுபடியும் கொஞ்சம் வயிற்று நீர் எடுத்துவந்தேன்.

முடிவு வரப் பல மாதங்கள் ஆயின. பசு நோயுற்றிருந்தபோது எடுத்ததில் அமிலம் உண்டாக்கும் ஒருசில வகைகளே நிறைந்திருந்தன. பிறகு எடுத்ததில், ஓரகத்தி மாட்டில் இருந்தது போலவே ஒரு பெருங்கூட்டம். பலவற்றுக்கு இன்னும் யாரும் பெயரே வைக்கவில்லை. கண்டுபிடிக்க இவ்வளவு மிச்சம் இருக்கிறதே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

முசரவாக்கத்துக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப எங்க மாட்டுக் கிருமிங்க எல்லாம் இவ மாட்டு வயித்துல குடி வந்துடுச்சா?" என்று கேட்டாள் ஓரகத்தி.

"நிறைய வந்துடுச்சுக்கா."

அக்கா சிரித்துவிட்டார். "இப்ப சினையா இருக்குதும்மா. கன்னு போட்டா அது வயித்துலயும் இந்தக் கிருமிங்க எப்டி வருதுன்னு பாக்கலாமா?"

கல்லூரியில் நான் அடுத்து என்ன ஆராயப்போகிறேன் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பதில் கிடைத்துவிட்டது.