சரிங்க மெக்கானிக்

அந்தத் துணித் தொழிற்சாலையில் இருநூறு தையல் மெஷின்கள். அத்தனையும் ஒரே கூரைக்குக் கீழே ஓடும்போது, பக்கத்தில் நிற்பவன் தொண்டை கிழியக் கத்தினாலும் வாய் அசைவதுதான் தெரியும். அந்த இரைச்சலில் முப்பத்தோரு வருஷம் மெக்கானிக்காக நின்றவர் நம் ஆள். சூப்பர்வைசர் ஓடி வந்து காதருகே ஏதோ கத்துவார். இவர் "சரிங்க" என்பார். ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு அவர் கை காட்டிய பக்கம் போவார். என்ன சொன்னார் என்று கேட்டால் தெரியாது. தெரிந்துதான் என்ன ஆகப்போகிறது? என்ன கோளாறு என்று மெஷினே சொல்லிவிடும். இப்படியே போய், சரிங்க மெக்கானிக் என்றே பெயர் நிலைத்துவிட்டது. சம்பளச் சீட்டில் வேறு பெயர் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

தங்கமான மனுஷன். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாது. ஆனால் இந்த மாதிரித் தங்கத்தைக் கட்டிக்கொண்டு குடும்பம் நடத்தியவளைக் கேட்டால்தான் தெரியும் அதன் எடை.

அவர் மனைவிக்குக் காதுதான் பிழைப்பு. டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதைக் கேட்டு அட்சரம் பிசகாமல் தட்டச்சு செய்து கொடுக்கும் வேலை. வீட்டின் பக்க அறையில், ஜன்னலோரம் மேஜை, மேஜையில் கம்ப்யூட்டர், காதில் ஹெட்போன், காலடியில் ஒரு மிதி. மிதியை அழுத்தினால் குரல் ஓடும், எடுத்தால் நிற்கும். ஒரு வார்த்தை புரியவில்லை என்றால் பத்து தடவை திருப்பிப் போட்டுக் கேட்பாள். அப்படிப்பட்டவளுக்கு இப்படிப்பட்ட புருஷன். விதி விளையாடுவது என்பது வேறென்ன?

"பாப்பாவுக்கு ஃபீஸ் கட்டணும், நாளைக்குக் கடைசி நாள்."

"சரிங்க."

"என்ன சரிங்க? நான் என்ன சொன்னேன், சொல்லுங்க பார்ப்போம்."

அவர் திருதிருவென்று விழிப்பார்.

"உங்க சரிங்கவ வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? சட்டியில போட்டு வதக்கவா? ஒருத்தர் சொல்றத முழுசா கேட்டுட்டுச் சரின்னா அது சரி. கேக்காமலே சரின்னா அதுக்குப் பேரு செவிடு!"

அவர் அதற்கும் "சரிங்க" என்பார். அவள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்துவிடுவாள். இருபத்தாறு வருஷம் அந்த வீடு இப்படித்தான் ஓடியது. நன்றாகத்தான் ஓடியது.

பிறகு அவள் தொண்டையில் அந்தச் சனியன் பிடித்த நோய் வந்தது. குரல்வளையையே எடுக்க வேண்டும், எடுத்தால் உயிர் தங்கும், பேச்சு வராது என்றார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் பதினோரு நாள் இருந்தது. அந்தப் பதினோரு நாளும் அவள் பக்க அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரில் பேசிப் பதிவு செய்தாள். மொத்தம் பத்தொன்பது பதிவுகள். மகளுக்கு ஏழு, அவருக்குப் பன்னிரண்டு. "எனக்கு ஏதாவது ஆனப்புறம் கேளுங்க, இப்பக் கேட்டா எனக்கு வெக்கமா இருக்கும்" என்றாள். அவர் சரிங்க என்றார்.

குரல் போனபின் அவள் ஒரு சின்னப் பலகையில் எழுதி எழுதிக் காட்டினாள். அவருக்கு அப்போதுதான் புத்தி வந்தது. பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுத்துக் கூட்டி முழுசாகப் படிப்பார். ஒரு வருஷம் படித்தார். உயிர் தங்கும் என்றார்களே, அதுவும் தங்கவில்லை.

அவள் போய் எட்டு மாதம் ஆகியும் அவர் அந்தப் பதிவுகளைத் தொடவில்லை. தொட்டால் தீர்ந்துவிடும் என்று பயம். ஒருநாள் மனசு கேட்காமல் கம்ப்யூட்டரைப் போட்டார். அது உயிர் பெற்று வருவதற்கே கால் மணி நேரம் ஆயிற்று. அவருக்கென்று இருந்த முதல் பதிவைத் திறந்தார். கிழட்டுக் கம்ப்யூட்டர், எதைக் கொடுத்தாலும் மூச்சு வாங்கும். குரல் துண்டு துண்டாக வந்தது.

"ஏங்... க... கேக்... குதா... முழு... சா..."

அங்கேயே நின்றுவிட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு பேச முயன்று அவள் திணறினாளே, அப்படியே இருந்தது. அவர் ஸ்விட்சை அணைத்துவிட்டு வாசல் படியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் போனில் சொன்னாள். "அப்பா, நான் ஞாயித்துக்கிழமை வரேன். ரெண்டு பேரும் சேர்ந்து கேப்போம். அம்மா குரல் மறந்துபோயிடும்னு பயமா இருக்குப்பா. கனவுல வர்றா, பேசவே மாட்டேங்கறா."

இதை மட்டும் அவர் முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு முடிவு செய்தார். மகள் வரும்போது அவள் அம்மா திக்கித் திணறிப் பேசக்கூடாது. கணீரென்று பேச வேண்டும்.

தெருமுனைக் கம்ப்யூட்டர் கடைக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார். "பிராசசர் ரொம்ப பழசு அண்ணே. அதுதான் கம்ப்யூட்டரோட மூளை. அத மாத்தினாப் போதும், மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எடுத்துட்டு வாங்க, நான் போட்டுத் தரேன்."

"நானே போட்டுக்கறேன் தம்பி."

தையல் மெஷினின் வயிற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டும் கை அது. போதாக்குறைக்கு, அவள் குரல் இருக்கும் பெட்டியைப் பிறத்தியார் கையில் கொடுக்க மனசு வரவில்லை. கடைக்காரர் ஒரு பிராசசரைத் தேடி எடுத்துக் கொடுத்தார். பழையதுதான், ஆனால் இருப்பதைவிட நாலு மடங்கு வேகம். கூடவே சூடு கடத்தும் பசை ஒரு சின்னக் குழாயில். எப்படிக் கழற்றுவது, எப்படி மாட்டுவது என்று விளக்கினார். அதுவரை அவர் கண் கொட்டாமல் கேட்டார். கை வேலையாயிற்றே.

"அண்ணே, முக்கியமான விஷயம். முதல்ல உள்ள இருக்கறத வேற எதுலயாவது காப்பி எடுத்துக்குங்க. அப்புறம், மாட்டினதும் திரையில ஒரு கேள்வி கேக்கும், ‘ஒய்’ எழுத்தா ‘என்’ எழுத்தான்னு. எதையும் அமுக்காதீங்க. எனக்கு ஒரு போன் போடுங்க, ஓடி வந்துடறேன்."

அப்போது நம் ஆள் அந்தப் பசைக் குழாயைத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார். மூடி தையல் மெஷின் எண்ணெய் டப்பாவின் மூடி மாதிரியே இருந்தது.

"சரிங்க" என்றார்.

சனிக்கிழமை காலை, பக்க அறை. மேஜையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்தார். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார். உள்ளே ஒரு கூடைத் தூசி. சின்னப் பிரஷ்ஷால் தட்டித் தட்டி எடுத்தார். தூசியோடு அவளுடைய நீளமான நரைமுடி ஒன்றும் வந்தது. அதைத் துடைத்து மேஜை விளிம்பில் வைத்தார்.

பிராசசரின் மேல் உட்கார்ந்திருந்த விசிறிக் கட்டை வரமாட்டேன் என்றது. பழைய பசை காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. வேறு யாராக இருந்தாலும் வெடுக்கென்று இழுத்து எல்லாவற்றையும் பிடுங்கியிருப்பார்கள். இவர் அவளுடைய தலை உலர்த்தும் கருவியை எடுத்து வந்து கொஞ்சம் சூடு காட்டி, இடமும் வலமுமாக மெல்லத் திருகினார். வழுக்கிக்கொண்டு வந்தது. ஓரத்து நெம்பியைத் தூக்கிப் பழைய பிராசசரை எடுத்தார். ஒரு தீப்பெட்டி அளவுதான், அடியில் ஆயிரத்துச் சொச்சம் ஊசிக்கால்கள். புதியதை எடுத்து மூலையிலிருந்த முக்கோணக் குறியைப் பொருத்திக் கையை விட்டார். தானாக இறங்கி உட்கார்ந்தது. மேலே மிளகளவு பசை. விசிறியைப் பூட்டினார்.

ஸ்விட்சைப் போட்டார். விசிறி சுற்றியது. திரை கறுப்பு.

அணைத்துப் போட்டார், மறுபடி கறுப்பு. பிராசசரைக் கழற்றி ஒவ்வொரு காலாகப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். எல்லாம் நேர். திரும்ப மாட்டினார். கறுப்பு. "அடி கழுதை, என்னடி உனக்கு வேணும்?" என்று மெஷினோடு பேசத் தொடங்கினார். தொழிற்சாலையிலும் அப்படித்தான் பேசுவார். அங்கே யாருக்கும் கேட்காது, இங்கேயும் கேட்க ஆளில்லை. கடைசியில் நினைவகப் பட்டையைப் பிடுங்கி, அதன் செம்புநிற விளிம்பை மகளின் பழைய ரப்பரால் அழுத்தித் தேய்த்து, டக்கென்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டினார். விசிறியைக் கழற்றி மாட்டியதில் அது லேசாக எழும்பியிருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஸ்விட்ச். திரை பளிச்சென்று வெளிச்சமானது.

"வந்துட்டியா, என் ராசாத்தி!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டார். எட்டு மாதத்தில் அந்த மனுஷன் முகத்தில் சிரிப்பு வந்தது அந்த ஒரு நொடிதான். அதையும் பார்க்க யாருமில்லை.

திரையில் ஆங்கிலத்தில் நாலைந்து வரி. புதிய பிராசசர் வந்திருக்கிறது என்று தொடங்கி நீளமாக ஏதோ. கடைசியில் ‘ஒய்’ அமுக்கினால் இது, ‘என்’ அமுக்கினால் அது என்று ஒரு கேள்வி. முதல் வரியை மட்டும் படித்தார். புதுசு வந்திருக்கிறதாம், ஏற்றுக்கொள்ளட்டுமா என்கிறது போல. நல்ல விஷயத்துக்கு யாராவது வேண்டாம் என்பார்களா?

"சரிங்க" என்றார். ஒய்யை அமுக்கினார்.

அடுத்து வந்தது நீலத் திரை. பதிவுகள் இருக்கும் வட்டு, அதாவது ஹார்ட் டிஸ்க், பூட்டியிருக்கிறது, நாற்பத்தெட்டு இலக்கச் சாவி எண்ணைக் கொடு என்றது. எந்தப் பூட்டு? எந்தச் சாவி? அப்போதுதான் கடைக்காரருக்குப் போன் போட்டார்.

கடைக்காரர் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடி வந்தார். திரையைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது.

"அண்ணே, ஒரு கேள்வி கேட்டுதா?"

"கேட்டுது தம்பி."

"என்ன அமுக்கினீங்க?"

அவர் ஒய் எழுத்தை விரலால் காட்டினார்.

நோயாளிகளின் விவரம் வெளியே போகக்கூடாது என்று அவளுடைய கம்பெனி அந்த வட்டுக்குப் பூட்டுப் போட்டிருந்தது. சாவி உள்ளேயே இருந்ததால் தினமும் அது தானே திறந்துகொண்டது. பூட்டு இருப்பதே வீட்டில் தெரியாது. கடைக்காரர் அதைச் சொல்லிவிட்டு மேஜையில் கிடந்த பழைய பிராசசரைக் கையில் எடுத்தார்.

"அந்தச் சாவி இதுக்கு மட்டும்தான் படியும் அண்ணே. ‘என்’ அமுக்கியிருந்தா இதத் திருப்பிப் போட்டு எல்லாத்தையும் எடுத்திருப்பேன். பழைய சாவிய அழிச்சுடட்டுமான்னு அது உங்களக் கேட்டுச்சு. நீங்க சரின்னுட்டீங்க."

கம்பெனிக்குப் போன் போட்டார்கள். பேசிய பெண் நல்ல மாதிரிதான், தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள். அந்த அம்மா வேலையை விட்டு ரெண்டு வருஷம் ஆகப்போகிறது, கணக்கை மூடும்போது சாவி எண்ணையும் அழித்துவிட்டோம், மன்னிச்சுடுங்க சார். கடைக்காரர் பழைய பிராசசரைத் திரும்ப மாட்டிப் பார்த்தார். அதே நீலத் திரை. வட்டைக் கழற்றித் தன் கடைக்கு எடுத்துப் போய்ச் சாயங்காலம்வரை போராடினார். திருப்பிக் கொண்டுவந்து கொடுக்கும்போது அவர் கண்ணும் கலங்கியிருந்தது. "நான் ரெண்டு தடவையா அழுத்திச் சொல்லியிருக்கணும் அண்ணே" என்றார். இருபது தடவை சொல்லியிருந்தாலும் இருபது சரிங்க கிடைத்திருக்கும். செவிடன் காதில் ஊதிய சங்கு.

மகள் ஞாயிற்றுக்கிழமை காலை வந்தாள். பையை இறக்கி வைப்பதற்கு முன்பே, வாசலிலேயே வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் பக்க அறைக்குள் போய் அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். காலடியில் மிதி அப்படியே இருந்தது. அதைக் காலால் அழுத்தினாள், எடுத்தாள், மறுபடி அழுத்தினாள்.

"எத்தன தடவ சொல்லியிருப்பாப்பா அம்மா உன்கிட்ட? எத்தன தடவ!" என்று ஒருமுறை கத்தினாள். பிறகு உடைந்து அழுதாள். அவர் அழவும் உரிமை இல்லாதவர் மாதிரிச் சுவரோரம் நின்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள். "நீ ஒரு தடவ போட்டுப் பாத்தேன்னியே. அதுல என்ன சொன்னா?"

"ஏங்க, கேக்குதான்னா. அப்புறம், முழுசான்னா. அதுக்கு மேல வரலம்மா."

அதற்கு மேல் என்ன என்று இரண்டு பேருக்குமே தெரியும். இருபத்தாறு வருஷமாக அந்த வீட்டில் ஒலித்த வாக்கியம்தானே.

மகள் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்தாள். எவ்வளவு கோபம் இருந்தாலும் மிஞ்சியிருப்பது இந்த ஒரு அப்பாதான். "வருத்தப்படாதப்பா. போனது போச்சு. நீ வேணும்னா பண்ணின? அம்மாவ நினைக்கறதுக்குக் குரல் வேணுமா என்ன? விட்டுடுவோம். சரியா?"

அவர் அவள் சொன்னதை முழுசாகக் கேட்டார். ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார். வாய்வரை வந்த அந்தப் பழைய சொல்லை விழுங்கிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தலையை இடமும் வலமும் ஆட்டினார்.

"இல்லம்மா" என்றார். "சரியில்ல."