வயிற்றில் நின்ற பால்

அந்த ஆவணியோடு என் தம்பிக்கு வயது தாண்டுகிறது. அதற்குப் பிறகு போலீசுக்கு ஆள் எடுக்கும் மைதானத்துக்குள் அவனை விடவே மாட்டார்கள். ஏற்கெனவே ஒருமுறை போய், மார்பளவு அரை அங்குலம் குறைந்து திரும்பி வந்திருந்தான். இந்த முறையும் தவறினால் திண்டிவனத்தில், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மண்டியில் ஆயுசுக்கும் மூட்டை தூக்க வேண்டியதுதான். அறுபதுகளின் தொடக்கம் அது.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். ஒரு பசுவை வைத்து நான் வீட்டை ஓட்டினேன். பாலைக் காய்ச்சி ஆறவைத்து, ஏட்டை வழித்துச் சேர்த்து, வெண்ணெய் கடைந்து, நெய்யாக உருக்கி விற்பேன். எச்சில் கையால் காக்கா ஓட்டாதவள் என்று தெருவில் எனக்குப் பெயர். பொய்யில்லை. கூடப் பிறந்தவன் சோற்றில்கூட நான் நெய் விட்டதில்லை.

மார்பு அகல வேண்டும் என்று அவனுக்குத் தினமும் விடியற்காலையில் ஒரு பால் கலந்து கொடுத்தேன். ஏடு எடுத்த பாலில் இரண்டு நாட்டுக்கோழி முட்டையை உடைத்து ஊற்றி, பொட்டுக்கடலை மாவும் வெல்லமும் போட்டு, சீசாவை மூடி நுரை வரும்வரை குலுக்குவேன். குடித்து ஒரு மணி நேரம் கழித்து ஏரிக்கரையில் ஓடப் போவான். ஆறு மாதத்தில் ஒருநாளும் வயிறு கனக்கிறது என்று சொன்னதில்லை. திரும்பி வரும்போது, "சோத்தப் போடுக்கா, வவுத்துல ஒண்ணுமே இல்ல" என்றுதான் வருவான்.

அந்தப் பசிதான் என்னை அரித்தது. எங்கள் பக்கத்தில் சாப்பாட்டை எடை போட ஒரே சொல்தான் உண்டு: தங்கணும். நடவுக்குப் போகிறவர்கள் கேப்பைக் களியில் குழி பண்ணி எண்ணெய் விட்டுத் தின்பது எதற்கு? பொழுது சாயும்வரை வயிற்றில் தங்கிப் பசி தாங்கும். ஒரு மணி நேரத்தில் காணாமல் போகிற பாலைக் குடித்துவிட்டு இவன் எப்படித் தேர்வில் மைதானத்தை நாலு சுற்று ஓடுவான்? நான்தான் ஏட்டை வழித்து வழித்து அவன் பலத்தை விற்றுவிட்டேனோ என்று நினைக்க நினைக்க எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

தேர்வு அன்று ஏட்டில் கை வைக்கவில்லை. முழுப் பாலோடு முட்டை, ஒரு கை மல்லாட்டைப் பருப்பை வறுத்து அரைத்த விழுது, அதன்மேல் ஒரு குழிக்கரண்டி நெய். ஊற்றும்போது இரண்டு சொட்டு தரையில் சிந்தியது. பழக்கமில்லாத கை அல்லவா? சூடு ஆறாமல் இருக்க சீசாவைப் பழைய துணியில் சுற்றிக்கொண்டு, முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் விழுப்புரம் போனோம்.

மைதானத்தைச் சுற்றி முள்வேலி. வெளியே வேப்பமரத்தடியில் எங்களைப்போல வந்தவர்கள் கூட்டமாக நின்றார்கள். உள்ளே போன தம்பி அரை மணியில் வேலியோரம் ஓடி வந்தான்.

"மார்பு சரியா வந்திச்சிக்கா. இன்னும் ஒரு மணி நேரத்துல ஓட வுடறாங்க."

சீசாவைப் பிரித்துப் பார்த்தால் நெய் மேலே மஞ்சளாக மிதந்தது. அவன் பார்ப்பதற்குள் திரும்பிக்கொண்டு குலுக்கினேன். வழக்கத்தைவிட நெடுநேரம் குலுக்கினேன் போலிருக்கிறது.

"போதும் குடுக்கா, சீசா ஒடஞ்சிடப் போவுது."

வேலி இடுக்கில் வாங்கி ஒரு வாய் குடித்தான். நிறுத்தி என்னைப் பார்த்தான். நான், "ஜல்தியா குடிடா, கூப்டுடப் போறாங்க" என்றேன். முக்கால் சீசா குடித்துவிட்டு மீதியை என்னிடம் நீட்டினான். இதையும் குடி என்று கெஞ்சினேன். "அப்பறம் பாத்துக்கலாம்" என்று போய்விட்டான்.

ஒரு மணி நேரம் கழித்து விசில் ஊதினார்கள். முதல் சுற்றில் மூன்றாவதாக வந்தான். இரண்டாவது சுற்றிலும் அதே இடம். ஏரிக்கரையில் ஓடும் அதே ஓட்டம்தான். எனக்குப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம், அதோ அந்த உயரமானவன் என் தம்பி என்று கை காட்டினேன். மூன்றாவது சுற்றில் அவன் கை வயிற்றுக்குப் போனது. முகத்தில் ரத்தமே இல்லை. ஒவ்வொருவராக அவனைத் தாண்டினார்கள். நான் முள்கம்பியைப் பிடித்திருந்தது கையில் ரத்தம் வழிந்த பிறகுதான் தெரிந்தது.

நாலாவது சுற்றின் திருப்பத்தில் அவன் நின்றுவிட்டான். குனிந்து வாந்தி எடுத்தான். எடுத்துவிட்டு மறுபடி ஓடினான். ஆனால் கோட்டைத் தொடுவதற்கு முன்பே நேரம் முடிந்ததென்று இரண்டாவது விசில் ஊதிவிட்டார்கள்.

அங்கே மருந்துப் பெட்டியோடு இருந்த கம்பவுண்டர் அவனைத் தாங்கிக்கொண்டு வேப்பமரத்து நிழலில் உட்காரவைத்தார்.

"இன்னாப்பா குட்ச்ச? எல்லாம் அப்பிடியே வந்துகினு கீதே" என்று கேட்டார்.

"பால்தான் சார். தெனம் குடிக்கறதுதான்" என்றான் தம்பி, என்னைப் பார்க்காமல்.

பேசாமல் இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. "தெனம் குடிக்கறது இல்லீங்க. இன்னிக்கி நெய் ஊத்தினேன். மல்லாட்ட அரச்சிப் போட்டேன். பசி தாங்கும்னு."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "கொழுப்பு சேந்தா வயிறு லேசுல கீழ எறக்காதும்மா. வெறும் பாலா இருந்தா இந்நேரம் பாதிக்கு மேல எறங்கியிருக்கும். பசி தாங்கறது வேற, ஓட்டம் வேற" என்று சொல்லிவிட்டு அடுத்தவனைப் பார்க்கப் போனார். தங்கும், தங்கும் என்று நான் பெருமைப்பட்டதுதான் தங்கியிருந்தது.

திரும்பும் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தோம். பஸ் கூட்டேரிப்பட்டைத் தாண்டியது. பிறகு கேட்டேன், "மொத வாயிலயே தெரிஞ்சிதில்ல?"

"தெரிஞ்சிது. கம்முனு வாசன அடிச்சிது."

"அப்பறம் ஏண்டா குடிச்ச?"

அவன் சிரித்தான். அந்த நிலையிலும் எப்படிச் சிரித்தானோ. "நீ நெய் ஊத்திக் குடுத்தத எப்பிடிக்கா வேணாங்கறது?"

நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் என் மடியிலிருந்த துணிச்சுருட்டை அவன் இழுப்பது தெரிந்தது. சீசாவை எடுத்து, மூடியைத் திறந்து, மீதியிருந்த கால் பங்கையும் நிதானமாகக் குடித்தான். சீசாவின் கழுத்தில் ஒட்டியிருந்த நெய்யை விரல் விட்டு வழித்து நக்கினான்.

"இப்ப எவ்ளோ நேரம் வேணா தங்கட்டும்" என்றான். "இனிமே ஓடற வேல இல்லியே."