இறுக்கிக் கட்டிய கால்

மதுரையில் எலும்பு மருத்துவம் படித்து முடித்ததும் மலையடிவாரத்து மருத்துவமனை ஒன்றில் சேர்ந்தேன். தோட்டங்களில் மரத்திலிருந்து விழுந்தவர்கள், கொடைக்கானல் சாலையில் வண்டி கவிழ்ந்தவர்கள் என்று வேலை ஓயவில்லை. அவர்களில் ஒரு வகை நோயாளிகள் மட்டும் என் மனதை அரித்தார்கள். முறிந்த கையையோ காலையோ ஊரிலேயே இறுக்கிக் கட்டி, ரத்த ஓட்டம் நின்று, உறுப்பையே இழந்தவர்கள். அவர்களைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதக் குறிப்புகள் சேர்த்து வந்தேன்.

ஒரு கார்த்திகை மழையில், மலைமேல் உள்ள பெரும்பாறை என்ற ஊரிலிருந்து தோட்டத் தொழிலாளி ஒருவரை ஜீப்பில் கொண்டுவந்தார்கள். ஆரஞ்சு பறிக்க ஏறி விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. மண் சரிந்து பாதை அடைபட்டதால் வந்து சேர மூன்று நாள் ஆகிவிட்டது. மூங்கில் பத்தைகளை வைத்துச் சேலைத் துணியால் கட்டியிருந்தார்கள். அவிழ்த்தேன். பாதம் கறுத்துச் சில்லிட்டிருந்தது. விரலில் ஊசியால் குத்தினேன். அவருக்குத் தெரியவே இல்லை.

“எந்த முட்டாள் இப்படிக் கட்டுனது?” என்று கத்திவிட்டேன்.

கட்டிலருகே நின்ற மனைவி, அவிழ்த்துப் போட்ட சேலைத் துணியை எடுத்து மடித்தார். காலை எடுத்தாக வேண்டும் என்றதும் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு வருடம் கழித்து, கட்டுரைக்காக அந்தத் தொழிலாளியைத் தேடிப் போனேன். சரிவில் ஒண்டியிருந்த வீடு. செயற்கைக் கால் சுவரோரம் சாய்ந்து கிடந்தது.

“தினமும் எவ்வளவு தூரம் நடக்குறீங்க?”

“வாசல் வரைக்கும்ங்க. அதுக்கு மேல இந்தச் சரிவுல வழுக்குதுங்க.”

“அன்னைக்கு கட்டுப் போட்டது யாரு?”

“வலியில மயங்கிக் கெடந்தேங்க. பக்கத்துத் தோட்டத்து ஆள்னு இவதான் சொன்னா.”

மனைவி என்னை வழியனுப்ப ஜீப் வரை வந்தார். வீட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, “நான்தான் சார் கட்டுனேன்” என்றார். “தளரக் கட்டுனா எலும்பு வெலகிரும்னு சொன்னாக. அவரு கத்தக் கத்த இறுக்குனேன். அவருகிட்ட சொல்லிறாதீங்க.”

“தெரியாமச் செஞ்சதும்மா. பாதை மட்டும் திறந்திருந்தா வெரசா வந்திருப்பீங்க.”

“நான் கட்டாம விட்டிருந்தா, சார்?”

கட்டாமல் விட்டிருந்தால் கால் தங்கியிருக்கும். அது என் முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். அவர் திரும்பி மேடேறிப் போனார். அன்று கத்தியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது ஜீப் பாதி மலை இறங்கிய பிறகே எனக்கு உறைத்தது.

கட்டுரை வெளியானது. நாலு பேர் பாராட்டினார்கள். அதன் நோயாளிப் பட்டியலில் அந்தத் தொழிலாளிக்கு நேரே, கட்டியவர் யாரென்று தெரியவில்லை என்றே எழுதியிருந்தேன்.

அதன் பிறகு பெரும்பாறைப் பக்கம் தொழிலாளர்களுக்கு ஒரு பயிற்சி நடத்தினோம். எப்படிக் கட்டுவது, விரல்நுனி சில்லிட்டால் எப்படி உடனே தளர்த்துவது என்பதெல்லாம். பத்துப் பேர்கூட வரவில்லை. அந்தத் தொழிலாளியின் மனைவி வந்திருந்தார், கடைசி வரிசையில். செவிலியரின் காலில் துணியைச் சுற்றிக் காட்டத் தொடங்கினேன். இரண்டாவது சுற்றிலேயே அவர் எழுந்து, யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார். நான் மீதியைச் சொல்லி முடித்தேன்.