கிளச் இல்லாத காடி

அந்த மோட்டார் காடியின் உள்தகட்டை அறுத்த அன்று நான் சமையற்கட்டை விட்டு வெளியே வரவில்லை. இரும்பு அறுபடும் சத்தம் எங்கள் ஊர் காஜா பெராங் முழுக்கக் கேட்டிருக்கும். எனக்கு என் பல்லையே ராவுவது போல இருந்தது. அடுப்பில் பருப்பு அடிபிடித்ததுகூடத் தெரியவில்லை.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த வருடம் அது. என் வீட்டுக்காரருக்கு இடது கால் மடங்காமல் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன்பு மலாக்காவுக்கும் தம்பினுக்கும் டாக்சி ஓட்டியவர். ஒரு மழை நாளில் முதலாளியின் டாக்சி சாலையோரக் கால்வாயில் கவிழ்ந்து முழங்கால் நொறுங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் காலைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் அது கட்டை மாதிரி நீட்டியபடியே நின்றுவிட்டது. கிளச் மிதிக்க முடியாதவருக்கு யார் டாக்சி கொடுப்பார்கள்?

வாசல் பக்கம் நாற்காலி போட்டுச் சாலையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். முதல் வருடம் யாராவது வந்தால் பேசுவார். இரண்டாம் வருடம் அதுவும் நின்றது. தட்டில் சோறு வைத்தால் வைத்தபடி இருக்கும். ஒருநாள் சவரக்கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, முகத்தில் சோப்பு போடாமல், வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.  கத்தியை வாங்கிக் கழுவி அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தேன். அன்றிலிருந்து கிணற்றடிக்குப் போனாலும் பாதி வாளியோடு ஓடி வருவேன்.

அவருக்கு ஒரு கூட்டாளி இருந்தார். செட்டிக் கம்பத்துக்காரர், பரம்பரையாக மலாய் பேசும் மலாக்காச் செட்டி, காடி பழுது பார்க்கிறவர். நெற்றி நிறைய விபூதி, வாயைத் திறந்தால் மலாய். அக்கா, சாமி, பூசை என்று நாலைந்து சொல்தான் தமிழில் வரும். அவர்தான் ஒருநாள் சைக்கிளில் வந்து அந்தச் செய்தியைச் சொன்னார். ஒரு தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சீமைக்குக் கப்பலேறப் போகிறாராம். அவருடைய பெரிய அமெரிக்கக் காடியின் பின்பக்கம் லாரி மோதி நசுங்கிக் கிடக்கிறதாம். இரும்பு விலைக்குத் தருகிறாராம். இஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதில் கியர் தானாக மாறும், கிளச்சே கிடையாது, மிதி இரண்டுதான்.

எங்கள் வீட்டுப் பின்னால் ஜப்பான்காரன் சண்டைக்கு முந்திய சின்ன இங்கிலீஷ் காடி ஒன்று நின்றது. அவர் கால் நன்றாக இருந்தபோது ஆசைப்பட்டு வாங்கியது. அப்போது அதில் கோழிதான் முட்டையிட்டுக்கொண்டிருந்தது. துரை காடியின் இஞ்சினையும் கியர் பெட்டியையும் எங்கள் காடிக்குள் பொருத்திவிடலாம் என்று கூட்டாளி சொன்னார். அன்று மத்தியானம் என் வீட்டுக்காரர் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வேன்?

பயம் மட்டும் போகவில்லை. பலா மரக் கிளையில் சங்கிலிக் கப்பி கட்டி அந்த இஞ்சினைத் தூக்கினார்கள். பழைய இஞ்சினைப் போல இரண்டு மடங்கு இருந்தது. கிளை முறுக்கென்றது. அதன் கீழே அவர் மடங்காத காலை நீட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, “இன்னும் கொஞ்சம் எறக்கு” என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். கிளை முறிந்தால் அவரால் எழுந்து ஓடவும் முடியாது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு முருகா முருகா என்று நின்றேன்.

அது உள்ளே இறங்குவேனா என்றது. இஞ்சினுக்கும் சீட்டுக்கும் நடுவில் இருந்த தகட்டை அறுத்தார்கள். கியர் பெட்டிக்கு இடம் விடத் தரைத் தகரத்தை அடித்து அடித்து ஒட்டக முதுகு மாதிரி ஆக்கினார்கள். பின் சக்கரத்துக்குப் போகும் நீளத் தண்டை வெட்டிக் குறுக்கி ஒட்டவைத்தார்கள். வழியில் இடைஞ்சலாக இருக்கிறதென்று கைப்பிரேக் கம்பியைக் கழற்றி ஓரமாக வைத்தார்கள். இப்படி மூன்று மாதம். கூட்டாளி என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம், “அக்கா, ஜாங்கான் தாக்குட்” என்பார். பயப்படாதே என்று சொன்னால் பயம் போய்விடுமா?

ஒருநாள் தேநீர் கொண்டுபோய் வைத்தபோது என்னையறியாமல் கேட்டுவிட்டேன். “இஞ்சின் பெருசாச்சு. பிரேக்கு?”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “பிரேக் இன்ஸ்பெக்டர் அம்மா வந்துட்டாங்கடா” என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. ஆனால் மறுநாள் கூட்டாளி துரை காடியின் பிரேக்கையும் கழற்றிக்கொண்டு வந்து நின்றார். அதைப் பொருத்த இன்னும் இரண்டு வாரம் ஆயிற்று.

எல்லாம் முடிந்து ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பூசை போட்டோம். கைப்பிரேக்கை மட்டும் மறுநாள் மாட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். காடி பலா மரத்தைப் பார்த்து நின்றது. அவர் உள்ளே ஏறி, இடது காலை அந்தத் தகர முதுகின் மேல் நீட்டிக்கொண்டு இஞ்சினை உயிர்ப்பித்தார். தரையே அதிர்ந்தது. கூட்டாளி வலது பக்கம் தேங்காயோடு நின்றார். நான் சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் டிரைவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பூசையின்போது இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கியரைப் போட்டு, இடது காலால் கிளச்சை மிதித்துப் பிடித்துக்கொண்டு, வலது காலைச் செருப்பிலிருந்து உருவிவிட்டுச் சாமி கும்பிடுவார்கள். தேங்காய் உடைந்ததும் காடி பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். இஞ்சின் அணைந்துவிட்டால் சகுனம் சரியில்லை என்பார்கள். இவரும் எத்தனையோ காடிக்கு அப்படிக் கும்பிட்டவர். உடம்பில் ஊறிய பழக்கம். கியரைத் தள்ளினார். பிரேக்கிலிருந்து வலது காலை எடுத்துச் செருப்பைக் கழற்றினார். இரண்டு கையையும் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். இந்தக் காடி கியர் விழுந்ததும் தானாக நகரும், பிடித்து நிறுத்தத்தான் கிளச் இல்லையே.

நான் அப்போது முன் இடது சக்கரத்தடியில் குந்தியிருந்தேன். கடைசிப் பழம். அது நசுங்கும் சத்தம் எனக்குத்தான் முதலில் கேட்டது. சாறு விரலில் தெறித்தது. ஏன் என்று நிமிர்வதற்குள் சக்கரம் என் சேலைத் தலைப்பின் மேல் ஏறிவிட்டது. எழ முடியவில்லை. முன்கம்பி வந்து இடது தோளில் இடித்தது. மெதுவாகத்தான் வந்தது, ஆனால் நிற்காமல் வந்தது. முதுகுக்குப் பின்னால் பலா மரம். கத்த வேண்டும் என்று தெரிகிறது, குரல் வரவில்லை. சின்ன வயதிலிருந்தே சத்தமாகப் பேசியறியாத தொண்டை, அப்போது மட்டும் எப்படித் திறக்கும்?

கூட்டாளி தேங்காயைப் போட்டுவிட்டு இஞ்சின் மூடியின் மேல் ஓங்கி அடித்தார். “பெர்ஹெந்தி! பெர்ஹெந்தி!”

நிறுத்து என்றது என் வீட்டுக்காரருக்குக் கேட்டதும், முதலில் அந்த மடங்காத இடது கால்தான் கிளச்சைத் தேடியதாம். பின்னால் அவரே சொன்னார். பிறகுதான் வலது கால் பிரேக்கைக் கண்டுபிடித்தது. என் முதுகு மரத்தில் ஒட்டியிருந்தபோது காடி நின்றது. கூட்டாளி கையை உள்ளே விட்டு இஞ்சினை அணைத்தார்.

சேலையை உருவிக்கொண்டு எழுந்தேன். என் வீட்டுக்காரர் இறங்கவில்லை. முகமெல்லாம் வியர்வை.

“பட்டுச்சா?” என்று கேட்டார்.

தோள் கழன்றுவிட்டது போல வலித்தது. கூட்டாளி இடித்ததைப் பார்த்தவர். அவர் என் தோளைப் பார்த்தார், நான் சொல்லாதீர்கள் என்று கண்ணைக் காட்டினேன். அவர் குனிந்து தேங்காயைத் தேடி எடுத்தார்.

“படலங்க. சேலதான் மாட்டிக்கிச்சு.”

“ஒன்னக் கொன்னுருப்பேன். இத வெட்டி இரும்புக்குப் போட்டுரச் சொல்லு. நான் ஓட்டல.”

சொல்லிவிட்டு இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தார். நாற்காலியில் இரண்டு வருடம் உட்கார்ந்திருந்தாரே, அதே மாதிரி. காடி என் மேல் ஏறியபோதுகூட எனக்கு அப்படி ஒரு பயம் வரவில்லை. இப்போது இறங்கினால் இனி இவர் எதிலும் ஏறமாட்டார் என்று தெரிந்துவிட்டது.

சுற்றிப் போய் இடது பக்கக் கதவைத் திறந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். முன் சீட்டில் அவரோடு நான் உட்கார்ந்ததே இல்லை. வலது கையால் கதவை இழுத்துச் சாத்தினேன்.

“ஏங்க, செருப்பப் போட்டுக்கிட்டே சாமி கும்பிட்டா சாமி ஒன்னும் கோவிச்சுக்காது. பிரேக்லேர்ந்து கால எடுக்காதீங்க. செமாபோக் வரைக்கும் போயிட்டு வருவோம்.”

அவர் மடியிலிருந்து கையை எடுத்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். பிறகு காலால் துழாவிச் செருப்பை மாட்டி, பிரேக்கை மிதித்தபடி இஞ்சினை உயிர்ப்பித்தார். கூட்டாளி தேங்காயை உடைத்தார். காடி பின்னால் நகர்ந்து, திரும்பி, சாலைக்கு வந்தது.

ஊரைப் பார்த்தேன், கொடி கட்டியிருந்தார்கள் என்றெல்லாம் என்னால் சொல்ல முடியாது. போகும் வழியெல்லாம் அவருடைய வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மாட்டு வண்டிக்குப் பின்னால் நிற்க வேண்டி வந்தது. பிரேக்கை மிதித்திருந்தும் காடி கயிற்றை இழுக்கும் கன்றுக்குட்டி மாதிரி முன்னால் முட்டியது. அந்தக் கால் நடுங்கியது. ஆனால் எடுக்கவில்லை.

ஊரைத் தாண்டியதும் செம்மண் புழுதி அடித்தது. அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், “கண்ணாடிய ஏத்திவிடு புள்ள” என்றார். இடிபட்ட இடது கையைத் தூக்கப் பார்த்தேன். விரல்கூட மேலே வரவில்லை.

“இருக்கட்டுங்க. காத்து நல்லா வருது” என்றேன்.