ஜுனைதா சாச்சியின் கண்ணீர்

சாய்ந்தமருதில் எங்கள் ஒழுங்கைப் பெண்கள் நோன்பு மாதத்தில் தராவீஹ் எனும் இரவுத் தொழுகையைத் தொழுவது ஜுனைதா சாச்சியின் வீட்டு மண்டபத்தில்தான். என் உம்மாவின் தங்கை அவர். பள்ளிச் சீருடை தைத்துச் சம்பாதித்தார். ஊர் அவரை அறிந்தது குர்ஆன் ஓதலால். பெண்களுக்குத் தொழுவிக்கும் பெண் தனியே முன்னால் போய் நிற்பதில்லை. முதல் வரிசையின் நடுவில், பக்கத்திலிருப்பவர்களின் தோள் உரச நிற்பார். ஆனாலும் அந்த இடத்தை எல்லோரும் 'முன்னுக்கு' என்றே சொன்னார்கள். மதிலுக்கு இந்தப் பக்கம் எங்கள் வீட்டுக்கு அவருடைய குரல் தெளிவாகக் கேட்கும்.

நோய் இடது கண் இமையில் தொடங்கியது. காலையில் விரிந்திருக்கும் இமை, மாலையில் பாதிக் கண்ணை மூடிவிடும். அடுத்த வீட்டு ஜெனூபா சிரித்தார்.

"ஒரு கண் நித்திரை, மற்றது காவல். கள்ளனுக்கு இனி உங்கட வீட்டுல வேலையில்ல கா."

சாச்சியும் சிரித்தார். பிறகு ரொட்டியைப் பாதி மென்றதும் தாடை ஓய்ந்தது. பிறகு குரல். தெளிவாகத் தொடங்கும் ஓதல் போகப்போக மூக்கால் வந்தது. சற்று இருந்து எழும்பினால் திரும்பிவிடும். அதனால் களைப்பு என்றே நினைத்தார்.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். டொக்டர் தக்சாயினி அவரைக் கண் வெட்டாமல் மேலே பார்க்கச் சொன்னார். இமைகள் மெல்ல மெல்ல இறங்கின. தடுக்க முடியாத சாச்சி, பிழை செய்தவரைப் போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

டொக்டர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். நரம்பின் நுனியிலிருந்து அசற்றைல்கோலின் என்றொரு பொருள் சொட்டுகிறது. தசையில் அதை வாங்கும் இடங்கள் இருக்கின்றன. வாங்கினால்தான் தசை அசையும். கிருமியோடு சண்டை பிடிக்க வேண்டிய உடம்பின் காவல், ஆள் மாறி, அந்த இடங்களையே அடைத்துக்கொண்டிருக்கிறது. வேலை செய்யச் செய்ய, சொட்டுவது குறையும்; மிஞ்சிய இடங்களுக்கு அது போதாது. சொட்டியதை உடனுக்குடன் உடைக்கும் நொதியமும் ஒன்று உண்டு. அவர் எழுதித் தந்த குளிசை அந்த நொதியத்தை மறித்து, அசற்றைல்கோலினைக் கொஞ்ச நேரம் தங்கவைக்கும். கொஞ்ச நேரம்தான். ஆகவே பகல் முழுக்க இடைவிட்டு இடைவிட்டுப் போட வேண்டும்.

குளிசையால் குரல் திரும்பியது. அந்த வருடத்து நோன்பும் வந்தது.

நோன்பு பிடிக்கக் கூடாது என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்தார். பள்ளிவாசல் மௌலவியும் நோயாளிக்கு விலக்கு உண்டு, ஏழைக்கு அரிசி கொடுத்தால் போதும் என்றார். சாச்சியின் கணவர் முனாப் மாவடிப்பள்ளி வயலில் விளைந்த அரிசியை எடுத்தும் வைத்துவிட்டார். சாச்சி என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"நோன்பு இல்லாதவள் முன்னுக்கு நிண்டு ஓதினா, பின்னால நிக்கிறவளுகளுக்கு மனசு வருமா மனே?"

நோன்பு பிடித்தார். பகலில் போட வேண்டிய குளிசைகளை எல்லாம், மாலையில் நோன்பு துறந்த கையோடு, கஞ்சிக்குப் பின் மொத்தமாக விழுங்கினார். யாருக்கும் சொல்லவில்லை. விட்ட தொழுகையைப் பிறகு களாச் செய்து ஈடுகட்டுகிறோம், விட்ட நோன்பையும் களாச் செய்கிறோம். விட்ட குளிசைக்கும் அதுதான் முறை என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

தராவீஹ் நேரத்துக்கு மருந்து முழுதாக ஏறி நின்றது. ஓதும்போது சாச்சியின் கண்களிலிருந்து நீர் வழிந்தது. ஓதலில் அழுவது பெரிய கொடை என்று நம்புகிறவர்கள் நாங்கள். பக்கத்தில் நின்றவர்கள் அதைப் பார்த்து அழுதார்கள். பின்வரிசைகள் அந்த அழுகையைக் கேட்டு அழுதன. அடுத்த ஒழுங்கையிலிருந்தும் பெண்கள் வரத் தொடங்கினார்கள். வாயில் ஊறிய உமிழ்நீரைச் சாச்சி விழுங்கி விழுங்கி ஓதியதையும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றதையும் அந்த உருக்கத்தோடு சேர்த்துவிட்டார்கள். ஜெனூபா கேலியை விட்டுவிட்டு, சாச்சியின் கையை முத்தமிட்டார்.

கொஞ்ச நாளில் சாச்சியின் கால் நடுங்கியது, கழுத்துச் சோர்ந்தது. நோய் முற்றுகிறது என்று எண்ணி இன்னும் சில குளிசைகளைச் சேர்த்துக்கொண்டார். அன்றிரவு ஒரு ஆயத்தின் நடுவில், வசனம் முடியுமுன், குரல் நின்றது. அழுகை மேலிட்டு நின்றதென்று எல்லோரும் காத்திருந்தார்கள். தங்கள் விம்மலின் இடையே, அவர் மூச்சுக்குத் தவிப்பது யாருக்கும் கேட்கவில்லை. பாயில் சரிந்த பிறகுதான் ஜெனூபா கத்தினார். பெண்கள் தொழும் நேரம் எங்கள் வீட்டில் இருக்கும் முனாப் சாச்சாவும் நானும் மதிலேறிக் குதித்துத் தூக்கினோம்.

மிச்ச நோன்பு முழுவதும் சாச்சி ஆஸ்பத்திரியில் இருந்தார். முதலில் இயந்திரம் மூச்சு விட்டது. தொண்டைக் குழாயை எடுத்த பிறகு டொக்டர் தக்சாயினி நடந்ததைச் சொன்னார். மொத்தமாக விழுங்கி அளவு மீறினால், மூச்சுத் தசையும் அசைய மறுத்துவிடும். அதோடு அசற்றைல்கோலின் தசைக்கு மட்டும் உரியதல்ல. கண்ணீர், உமிழ்நீர், வியர்வை, குடல் எல்லாவற்றையும் திறப்பது அதுதான். வழிந்தது மருந்து.

 சாச்சி காற்றுப் போன்ற குரலில் கேட்டார்.

"அதுல ஒரு சொட்டாவது என்ட இல்லையா?"

டொக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"மனசால அழுதாலும் அதே பொருள்தான் அம்மா கண்ணைத் திறக்கிறது. எது எதால வந்ததெண்டு ஒருத்தராலயும் பிரிக்க ஏலாது."

ஆறுதலாகத்தான் சொன்னார். சாச்சிக்கு அது ஆறுதலாக இருக்கவில்லை.

இந்த வருடம் அவர் நோன்பு பிடிக்கவில்லை. குளிசையை நேரத்துக்குப் போடுகிறார். குரல் கடைசிவரை நிற்கிறது. தராவீஹ் ஜெனூபாவின் வீட்டுக்கு மாறிவிட்டது. அங்கே ஓதுகிறவள் நன்றாக ஓதுகிறாள், ஆனால் யாரும் அழுவதில்லையாம். ஜெனூபா வந்து, நோன்பு இல்லாவிட்டால் என்ன, நீங்களே வந்து ஓதுங்க என்று கெஞ்சினார். சாச்சி தையல் மெஷினிலிருந்து தலை தூக்கவில்லை.

"நான் அழுதா மருந்தெண்டு நினைப்பேன். அழாட்டி அண்டைக்கு அழுததும் பொய்யெண்டு நினைப்பேன். எப்பிடிக் கா ஓதுற?"

ஜெனூபா திரும்பிப் போனார். அன்றிரவு இஷாத் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் சாச்சி மண்டபக் கதவைச் சாத்திக்கொண்டு தனியே தொழுதார். மதிலுக்கு இந்தப் பக்கம் எதுவும் கேட்கவில்லை.